ஒரு சின்ன மருந்துப் போத்தலுக்காக ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போவதா?



கல்விச் சுற்றுலாக் காலம் வந்துவிட்டது. பாடசாலைகளில் பெயர்ப் பட்டியல் எழுதுகிறார்கள், பஸ் பேசுகிறார்கள், காசு சேர்க்கிறார்கள். இந்த நேரத்தில் நாங்கள் ஒரு விடயத்தை ஊருக்கு முன்னால் வைக்க நினைக்கிறோம். இதில் யாரையும் குற்றம் சொல்ல வரவில்லை. குற்றம் எங்களுடையது. ஆசிரியர்களாகிய நாங்கள் ஒரு பிள்ளைக்குச் செய்யப் பார்த்த அநியாயத்தைத்தான் எழுதுகிறோம். பெயரும் பாடசாலையும் வேண்டாம். விசயம் போதும்.

எங்கள் வகுப்பில் ஒரு மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே சீனி வருத்தம். இனிப்பு கூடச் சாப்பிட்டு வந்ததல்ல. முதலாம் வகை நீரிழிவு. அந்தப் பிள்ளையின் உடம்பு இன்சுலினைத் தானாக உண்டாக்காது. ஒவ்வொரு நாளும் ஊசி போட்டால்தான் உயிர். குளிசை உதவாது, பத்தியமும் தனியே உதவாது. 1922ஆம் ஆண்டு கனடாவின் டொரன்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் இந்த வருத்தம் வந்த பிள்ளைகள் அதிக காலம் உயிரோடு இருக்கவில்லை. இன்று அந்த மருந்து எங்கள் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கிடைக்கிறது. அல்ஹம்துலில்லாஹ்.

மூன்று நாள் சுற்றுலா. பொலன்னறுவை, சீகிரியா, அனுராதபுரம், கண்டி. பட்டியலைச் சரிபார்க்க ஆசிரியர் அறையில் கூடினோம். அந்த மகளின் பெயர் வந்ததும் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். "அந்த மருந்து ஃப்ரிட்ஜுக்குள்ளதான் இருக்கணுமாம். பஸ்ஸுல ஃப்ரிட்ஜ் எங்க இரிக்கி?" என்றார் ஒருவர். "வெயில்ல மருந்து பழுதாப் போய், புள்ளைக்கு ஒண்டு ஆனா ஆரு பொறுப்பு?" என்றார் இன்னொருவர். கடைசியில், "பாவம், புள்ள ஊட்டயே இருக்கட்டும். வந்து போட்டோ காட்டுவம்" என்று முடிவெடுத்தோம். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரக்கப்பட்டு முடிவெடுத்ததாகவே நினைத்துக்கொண்டோம்.

அடுத்த நாள் இடைவேளையில் அந்த மகள் எங்களிடம் வந்தாள். அழவில்லை. புத்தகப் பையைத் திறந்து ஒரு சின்ன பென்சில் பெட்டியை எடுத்தாள். அதற்குள் துணியில் சுற்றிய ஒரு போத்தல், ஊசி, பஞ்சு.

"டீச்சர், நான் ரெண்டு வருசமா இத ஸ்கூலுக்குக் கொண்டு வாறன். பகல் சாப்பாட்டுக்கு முன்ன போடுறன். இதுக்கு ஐஸ் தேவல்ல. வெயில் படாம இரிந்தாப் போதும்."

இரண்டு வருடம். நாங்கள் வருகை இடாப்பில் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயருக்கு அடையாளம் போட்டிருக்கிறோம். தகரக் கூரை வகுப்பில், கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் எங்களுக்கே தலை சுற்றும் வெக்கையில், அந்தப் பிள்ளை தன் உயிர் மருந்தைத் தானே காத்து வந்திருக்கிறாள். எங்கே போடுகிறாய் என்று கேட்டோம். பதில் சொல்ல வெட்கப்பட்டாள். மலசலகூடத்தில்.

வீட்டுக்குப் போனபோது உம்மா சொன்ன காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த காரணம்தான். "பொம்புளப் புள்ள டீச்சர். நாளைக்கி நாலு பேரு நாலு கத கதைப்பாங்க. அதான் ஆருக்கும் சொல்லல்ல." அந்த உம்மாவை நாங்கள் எப்படிக் குறை சொல்வது? அந்த நாலு பேரில் நாமும் இருக்கிறோமே.

அதன் பிறகுதான் நாங்கள் வாசிக்கவும், கிளினிக்கில் கேட்கவும் தொடங்கினோம். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. அறிந்ததை உங்களுக்கும் சொல்கிறோம். ஏனென்றால் இது ஒரு பிள்ளையின் கதை மட்டுமல்ல. கொழும்புக்கு இரவு பஸ் ஏறும் எங்கள் வாப்பாமார், உம்றாவுக்குப் போகும் மூத்தம்மாமார், கலியாண வீட்டுக்கு வெளியூர் போகும் மாமிமார் என்று ஊசி போடும் ஆட்கள் இல்லாத குடும்பம் இன்று குறைவு.

இன்சுலின் ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக் கரு சூட்டில் எப்படி மாறிப்போகிறதோ, அதைப்போல இதுவும் அதிக சூட்டில் தன் அமைப்பை இழக்கும். உறைந்தாலும் இழக்கும். எனவே இதற்கு இரண்டு எதிரிகள். ஒன்று சூடு, மற்றது உறைபனி. எங்களில் பெரும்பாலானோருக்கு முதலாவது எதிரியை மட்டும்தான் தெரியும்.

திறக்காத போத்தலை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். அதாவது ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதி. அப்படி வைத்தால் காலாவதித் திகதி வரை இருக்கும். ஆனால் திறந்து பாவிக்கத் தொடங்கிய போத்தலுக்கு ஃப்ரிட்ஜ் கட்டாயமில்லை. மருந்தின் வகையைப் பொறுத்து 25 அல்லது 30 பாகைக்குக் கீழே, பொதுவாக நான்கு வாரம் வெளியே வைத்துப் பாவிக்கலாம். சில வகைகளுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடிய காலம் தந்திருக்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் துண்டுத் தாளில் அது எழுதியிருக்கும். திறந்த திகதியைப் போத்தலில் பேனையால் எழுதி வைத்தால் கணக்குத் தவறாது.

அப்படியானால் மூன்று நாள் சுற்றுலாவுக்கு ஃப்ரிட்ஜ் எதற்கு? எங்கள் ஐந்து நிமிடத் தீர்ப்பின் அத்திவாரமே பிழை.

30 பாகையைத் தாண்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்கள் ஊரில் பகலில் அதைத் தாண்டும்தான். கென்யாவின் தாதாப் அகதி முகாம் பற்றி வாசித்தோம். அங்கே இருப்பவர்களில் அதிகமானோர் சோமாலியர்கள். குடிசைகளில் ஃப்ரிட்ஜ் இல்லை. அதனால் மருந்தை வீட்டுக்குக் கொடுக்காமல், ஊசி போட ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரிக்கு நடக்க வைத்தார்கள். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்குள்ள வீடுகளின் வெப்பத்தை அளந்தன. இரவில் 25, பகலில் 37 பாகை. அதே ஏற்ற இறக்கத்தில் நான்கு வாரம் இன்சுலினை ஆய்வுகூடத்தில் வைத்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்த மருந்துக்கும் இதற்கும் வலிமையில் சொல்லக்கூடிய வித்தியாசம் இருக்கவில்லை. 2021இல் அந்த முடிவு வெளியானது. இதை வாசித்துவிட்டு மருந்தை வெயிலில் போடச் சொல்லவில்லை. துண்டுத் தாளில் உள்ள அளவைத்தான் பின்பற்ற வேண்டும். ஆனால் கொஞ்சம் வெக்கைபட்டதும் மருந்து செத்துவிடும் என்ற பயத்தில் ஒரு மனிசனை வீட்டுக்குள் பூட்டி வைக்கத் தேவையில்லை.

உண்மையில் பயப்பட வேண்டியது நிறுத்தி வைத்த வாகனத்துக்குத்தான். கண்ணாடி மூடிய வாகனம் வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றால் உள்ளே 45 பாகையையும் தாண்டலாம். டாஷ்போர்டில் இன்னும் கூடும். பஸ்ஸின் என்ஜின் மூடிக்கு மேலேயும், வெயில் விழும் ஜன்னல் ஓரத் தட்டிலும், கீழே சாமான் அறையிலும் மருந்து இருக்கக்கூடாது. ஆள் இறங்கினால் மருந்தும் இறங்க வேண்டும். சீகிரியாவில் நாங்கள் ஏறிய ஒவ்வொரு படியிலும் அந்தப் பென்சில் பெட்டியும் ஏறியது.

ஆம், அந்த மகள் வந்தாள். பட்டியலில் பெயரைத் திரும்ப எழுதினோம். இனி நாங்கள் செய்த இரண்டாவது பிழையைச் சொல்ல வேண்டும்.

உம்மா இரண்டு வகை மருந்திலும் இவ்விரண்டு போத்தல் தந்து அனுப்பியிருந்தார். பாவிப்பதை மகளே வைத்துக்கொண்டாள். திறக்காத இரண்டையும், "பாதுகாப்பா நாங்க வெச்சிக்கிறம்" என்று பொறுப்பெடுத்தோம். ரெஜிபோம் பெட்டியில் கவனமாகத்தான் கொண்டுபோனோம். முதல் நாள் இரவு அனுராதபுரத்தில் தங்கிய இடத்தில், சமையலறையில் நின்ற தம்பியிடம் கொடுத்து, "இத ஃப்ரிட்ஜுல வைங்க, மருந்து" என்று மட்டும் சொன்னோம். அவர் நல்ல மனதோடு, மருந்தல்லவா, நன்றாகக் குளிரட்டும் என்று மேலே ஐஸ் அறையில் வைத்துவிட்டார். சுபஹுக்குப் பிறகு போய்ப் பார்த்தால் இரண்டும் கல்.

எங்களில் ஒருவர், "பரவால்ல, உருகினாச் சரியாகும்" என்றார். அந்தப் பிள்ளை தலையசைத்தாள். "இல்ல சேர், ஐஸாப் போன மருந்து இனிச் சரிவராது. கிளினிக்ல சொல்லித் தந்தவங்க." உருகிய பிறகு பார்த்தோம். பால் மாதிரி இருக்கும் வகையில் சின்னச் சின்ன மணிகள் தெரிந்தன. தெளிவாக இருக்கும் வகையோ புதுப் போத்தல் போலவே இருந்தது. அதுதான் ஆபத்து. கண்ணுக்கு நல்லதாகத் தெரியும், உடம்பில் வேலை செய்யாது. மருந்து போட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போது சீனி ஏறும். முதலாம் வகைப் பிள்ளைக்கு அது ஓரிரு நாளில் ஆஸ்பத்திரி அனுமதியில் கொண்டுபோய் விடும்.

யோசித்துப் பாருங்கள். பட்டதாரி ஆசிரியர்கள், கல்வியியற் கல்லூரியில் படித்தவர்கள் நான்கு பேர் பொறுப்பெடுத்த மருந்து பழுதாகியது. ஒரு பிள்ளை பென்சில் பெட்டியில் வைத்திருந்தது தப்பியது. மீதி இரண்டு நாளும் அந்த இரண்டு போத்தல்தான். ஒன்று கையிலிருந்து நழுவி விழுந்தாலும் அனுராதபுரம் ஆஸ்பத்திரிக்கோ கண்டி ஆஸ்பத்திரிக்கோ ஓட வேண்டும். கிளினிக் கொப்பியை உம்மா பையில் வைத்து விட்டிருந்தார் என்பதுதான் எங்களுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

அந்தப் பாடத்தில் இருந்து சில விடயங்கள்.

ஃப்ரிட்ஜில் வைக்கக் கொடுப்பதென்றால், "ஐஸ் அறைக்குள்ள வைக்க வேணாம், பின் சுவரில ஒட்டவும் வேணாம், கீழ்த் தட்டுல வைங்க" என்று முழுதாகச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே வையுங்கள். ஹோட்டல் அறைகளில் இருக்கும் சின்ன ஃப்ரிட்ஜை நம்பி மருந்து முழுவதையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

திறக்காத போத்தல்களை நீண்ட தூரம் கொண்டுபோக ரெஜிபோம் பெட்டி நல்லது. ஆனால் ஐஸும் போத்தலும் தொடக்கூடாது. அடியில் ஐஸ், அதற்கு மேல் தடித்த துவாய் அல்லது பத்திரிகைத் தாள்கள், அதற்கு மேல் பெட்டியோடு மருந்து. ஐஸ் பொதியை டீப் ஃப்ரீசரில் இருந்து எடுத்த கையோடு வைக்க வேண்டாம். அது பூச்சியத்தை விடப் பல பாகை குறைந்த குளிரில் இருக்கும். வெளியே வைத்து, குலுக்கினால் உள்ளே தண்ணீர் ஆடும் சத்தம் கேட்ட பிறகு வையுங்கள். தடுப்பூசி கொண்டு போகிறவர்கள் கடைப்பிடிக்கும் முறை இது. உங்கள் பகுதி மிட்வைஃபிடம் கேட்டால் செய்து காட்டுவார்.

பாவிக்கும் போத்தலுக்கு ஐஸே வேண்டாம். வாய் அகன்ற ஃபிளாஸ்க்கைக் குளிர்ந்த தண்ணீரால் கழுவி, துடைத்து, துணியில் சுற்றிய போத்தலை உள்ளே வைத்தால் பல மணித்தியாலம் வெளிச் சூடு அண்டாது. இன்னும் சுலபமான வழி ஈரத்துணி. போத்தலைத் தண்ணீர் புகாத சின்னப் பையில் போட்டு, அதைச் சுற்றி ஈரப் பருத்தித் துணி. காற்றுப்படும் துணிப் பைக்குள் வைக்க வேண்டும். ஈரத்துணியோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிவிட்டால் பயனில்லை. தண்ணீர் ஆவியாகப் போனால்தானே குளிரும்.

இதை நாங்கள் விஞ்ஞான பாடத்தில் கரும்பலகையில் எழுதிப் போட்டுத்தான் படிப்பிக்கிறோம். ஆவியாதலின்போது வெப்பம் உறிஞ்சப்படும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். பரீட்சைக்கு நான்கு புள்ளி. ஆனால் அந்தப் பிள்ளையின் உம்மா அதை வாழ்ந்து காட்டியிருக்கிறார். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்ற நாட்கள் நினைவிருக்கும். அப்போது அவர் பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டி வைத்து, இடையில் மணலை நிரப்பி, தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் மூடி, நிழலில் காற்றுப் படும் இடத்தில் வைத்து மருந்தைக் காத்திருக்கிறார்.

வட நைஜீரியாவில் முஹம்மத் பாஹ் அப்பா என்றொரு விரிவுரையாளர் இருந்தார். மட்பாண்டம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவர். 1990களில் அவர் இதே இரட்டைச் சட்டியை மரக்கறி கெடாமல் வைக்க ஆயிரக்கணக்கில் செய்து கிராமங்களுக்குக் கொடுத்தார். உலகம் அவருக்கு விருது கொடுத்தது. எங்கள் ஊர் உம்மாவுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்ல. ஒன்றை மட்டும் கவனியுங்கள். காற்று வறண்டிருக்கும்போது இந்த முறை நன்றாக வேலை செய்யும். மழைக்காலத்தில், காற்றில் ஈரம் கூடிய நாளில் குளிர்ச்சி குறையும்.

உம்றா, ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 2024 ஹஜ் காலத்தில் மக்காவில் 51.8 பாகை பதிவானது. அந்த வெயிலில் இரண்டு ரக்அத் தொழுதுவிட்டு வரும் நேரத்துக்குள்ளும் பையிலுள்ள மருந்து சூடேறும். தண்ணீரில் நனைத்தால் குளிரும் மருந்துப் பைகள் பார்மசிகளில் விற்கிறார்கள். முடிந்தவர்கள் பெற்றோருக்கு ஒன்று வாங்கிக் கொடுங்கள். விமானத்தில் இன்சுலினைக் கைப்பையில்தான் கொண்டுபோக வேண்டும். பெரிய பெட்டியில் போட்டால் கீழே சாமான் பகுதியில் உறைந்துபோகலாம், பெட்டி தவறியும் போகலாம். வைத்தியரின் கடிதம் ஒன்று கையில் இருந்தால் சோதனையில் சிரமம் இல்லை.

இப்போது எங்கள் கருத்துக்கு வருகிறோம்.

இந்த மருந்தைக் குளிராக வைப்பது கஷ்டமான வேலை அல்ல. ஒரு துணி, ஒரு ஃபிளாஸ்க், கொஞ்சம் நிழல். கஷ்டம் எங்கே என்றால், மருந்து இருக்கிறது என்று வாய் திறந்து சொல்வதில். சொல்ல வெட்கப்படும் வாப்பா பஸ்ஸில் மருந்தை மேல் தட்டில் திணிக்கிறார். கலியாண வீட்டில் "ஃப்ரிட்ஜுல கொஞ்சம் இடம் தாங்க" என்று கேட்கக் கூச்சப்படும் மாமி, ஊசியை வீட்டிலேயே விட்டுவிட்டு, இரண்டு நாள் போடாமலே புரியாணி சாப்பிட்டு வருகிறார். பிறகு காலில் புண் ஆறவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு அலைகிறோம். இன்சுலினை வெயில் கெடுப்பதைவிட நமது வாய் கெடுப்பது அதிகம் என்று சொன்னால் கோபிக்காதீர்கள்.

பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி ஆசிரியர்களுக்கு இருக்கிறது. அது பொய்யான பயமல்ல. ஏதும் நடந்தால் முதலில் எங்கள் கழுத்தைத்தான் பிடிப்பார்கள். அதற்கு வழி பிள்ளையை விட்டுவிட்டுப் போவதல்ல. சுற்றுலாப் படிவத்தில், "பிள்ளைக்குத் தொடர் மருந்து உண்டா? எப்படி வைக்க வேண்டும்?" என்று இரண்டு கேள்வி சேர்ப்போம். கிளினிக்கில் ஒரு கடிதமும் பெற்றோரின் கையொப்பமும் எடுப்போம். ஒரு ஆசிரியர் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து ஊசியையும், சீனி இறங்கினால் செய்ய வேண்டியதையும் படிப்போம். மேலதிக மருந்தை இரண்டு பேரிடம் பிரித்து வைப்போம். சாப்பாட்டு நேரம் பிந்தாமல் பஸ்ஸை நிறுத்துவோம். இவ்வளவுதான். ஊசி போடச் சுத்தமான ஒரு இடமும் ஒரு கதிரையும் பாடசாலையில் கொடுப்போம். மலசலகூடத்தில் எங்கள் பிள்ளை ஊசி போடக்கூடாது.

பள்ளிவாசல் நிருவாகிகளிடமும் ஒரு வேண்டுகோள். வெளியூர்ப் பயணிகள் தொழ வந்து இறங்கும் பள்ளிகளில், ஃப்ரிட்ஜ் இருந்தால், "மருந்து வைக்க இடம் உண்டு" என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். கேட்கக் கூச்சப்படுகிறவருக்கு அந்தத் தாள் பேசும். கலியாண வீட்டுக்காரர் அழைக்கும்போதே, "மருந்து மாத்திரை ஏதும் இருந்தாச் சொல்லுங்க, வைக்க இடம் இரிக்கி" என்று ஒரு வார்த்தை சேருங்கள். அதுவும் விருந்தோம்பல்தான்.

சுற்றுலா முடிந்து ஊர் திரும்பிய இரவு, உம்மா வாசலில் நின்றார். முதலில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், பிறகு பையைப் பார்த்தார். உறைந்துபோன இரண்டு போத்தலையும் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "மருந்து கிளினிக்ல கேட்டு எடுக்கலாம் டீச்சர். புள்ளையக் கூட்டிட்டுப் போனீங்களே, அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான்" என்றார்.

அந்தத் துஆவுக்கு நாங்கள் தகுதியா என்று தெரியவில்லை. ஆனால் இந்த வருடப் பட்டியல் எழுதும்போது, எந்தப் பிள்ளையின் பெயரிலும் ஐந்து நிமிடத்தில் கோடு போட மாட்டோம். நீங்களும் போட விடாதீர்கள். உங்கள் வீட்டில் ஊசி போடும் ஆள் இருந்தால், இன்றைக்கே போத்தலில் திகதி எழுதியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள்.

அல்லாஹ் எல்லா நோயாளிகளுக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.